சோறு சேராத கணக்கு

சித்திரை பிறந்துவிட்டால் எங்கள் பெரியம்மாவுக்கு மொட்டை மாடிதான் வீடு. முதல் நாள் இரவே பச்சரிசியும் ஜவ்வரிசியும் ஊறிக் கிடக்கும். விடிவதற்குள் கூழ் கிண்டி, பச்சை மிளகாயும் உப்பும் அரைத்துப் போட்டு, எலுமிச்சை பிழிந்து இறக்கிவிடுவார். வெயில் ஏறுமுன் பழைய வேட்டியை விரித்து, நான்கு மூலையிலும் செங்கல் வைத்து, நாழியில் பிழியத் தொடங்குவார். காக்கைக்குப் பயம் காட்டக் கறுப்புக் குடை ஒன்று பக்கத்தில் விரிந்திருக்கும். மூன்று நாள் காய்ந்தபின் வேட்டியைத் திருப்பிப் போட்டுத் தண்ணீர் தெளித்தால் வடகம் பொலபொலவென்று உதிரும். டின்னில் அடைத்துவிட்டால் ஒரு வருஷத்துக்குக் கவலையில்லை.

அந்த டின்னுக்குள் இருப்பது நாட்டின் உற்பத்தி. உலக நாடுகள் கூடி ஒப்புக்கொண்ட விதிப்புத்தகம் அப்படித்தான் சொல்கிறது. ஒரு குடும்பம் தன் தேவைக்காகச் செய்துகொள்ளும் பொருள், விற்பனைக்கே போகாவிட்டாலும், உற்பத்திதான். நெல் குத்துவது, தானியத்தை மாவாக்குவது, மீனை உப்புக்கண்டம் போடுவது, வெண்ணெய் எடுப்பது, பாய் முடைவது எல்லாம் அதில் அடங்கும். ஆற்றிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்து வருவதும் விறகு பொறுக்கி வருவதும் அடங்கும்.

அந்த விறகை மூட்டி, அந்தத் தண்ணீரில் உலை வைத்து, குத்திய அரிசியைப் போட்டுச் சோறு வடித்தால் அது உற்பத்தி ஆகாது. வடகத்தைப் பொரித்து இலையில் வைப்பதும் ஆகாது. குழந்தையைக் குளிப்பாட்டுவது, படுக்கையில் கிடக்கும் மாமியாருக்கு மருந்து கொடுப்பது, பாத்திரம் தேய்ப்பது எதுவும் ஆகாது. குடும்பத்துக்குள் ஒருவர் மற்றவருக்குக் கூலியின்றிச் செய்யும் சேவை உற்பத்தி எல்லைக்கு வெளியே என்பது விதி. எல்லைக்கோடு அடுப்பங்கரை வாசற்படியில் போடப்பட்டிருக்கிறது.

அந்த விதிப்புத்தகத்துக்குத் தேசியக் கணக்கு முறைமை என்று பெயர். நம் ஜிடிபி, அதாவது மொத்த உள்நாட்டு உற்பத்தி, அதன்படிதான் கணக்கிடப்படுகிறது. 2025 மார்ச்சில் நியூயார்க்கில் ஐ.நா. புள்ளியியல் ஆணையத்தின் 56-ஆவது கூட்டம் இதன் புதிய பதிப்புக்கு ஒப்புதல் தந்தது. ஐ.நா., சர்வதேச நிதியம், உலக வங்கி, வளர்ந்த நாடுகளின் அமைப்பான ஓஇசிடி, ஐரோப்பிய ஒன்றியத்தின் யூரோஸ்டாட் என ஐந்து அமைப்புகள் சேர்ந்து இதை உருவாக்கின. இதற்கு முந்தைய பதிப்பு 2008-இல் வந்தது. நாடுகள் 2029-30 வாக்கில் புதிய முறைக்கு மாறவேண்டும் என்பது இலக்கு. பதினேழு ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த வாய்ப்பு இது. இதில் யார் உள்ளே வந்தார்கள், யார் மறுபடியும் வாசலில் நிறுத்தப்பட்டார்கள் என்பதை ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்லியாக வேண்டும்.

புள்ளிவிவரக்காரர்களின் சமாச்சாரம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 2010 நவம்பரில் கானா நாடு தன் கணக்கைப் பழைய முறையிலிருந்து 1993-ஆம் ஆண்டு முறைக்கு மாற்றி, அடிப்படை ஆண்டையும் 2006-க்குக் கொண்டுவந்தது. ஒரே அறிவிப்பில் அதன் ஜிடிபி 60 சதவீதம் கூடியது. வயலில் ஒரு நெல்மணி கூட அதிகமாக விளையவில்லை. கோகோ மரம் ஒன்றும் கூடுதலாகக் காய்க்கவில்லை. ஏழை நாடு என்ற பட்டியலிலிருந்து நடுத்தர வருமான நாட்டுப் பட்டியலுக்கு கானா ஏறிவிட்டது. 2014 ஏப்ரலில் நைஜீரியாவும் தன் அடிப்படை ஆண்டை மாற்றியது. திரைப்படத் தொழிலும் கைபேசித் துறையும் கணக்கில் ஏற, ஜிடிபி 89 சதவீதம் கூடி, தென்னாப்பிரிக்காவைப் பின்னுக்குத் தள்ளி ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய பொருளாதாரம் ஆனது. எவ்வளவு வட்டிக்குக் கடன் கிடைக்கும், யாருக்கு உதவி, யாருக்குச் சலுகை என்பதெல்லாம் இந்த எண்ணைப் பார்த்துத்தான் முடிவாகிறது.

அடுப்பங்கரை வாசலில் இந்தக் கோட்டை முதலில் போட்டவர்கள் அதன் குறையை அறியாதவர்கள் அல்ல. அமெரிக்காவில் பெருமந்தம் ஆட்டிப்படைத்தபோது, நாட்டின் வருமானம் எவ்வளவு சரிந்தது என்றே அரசுக்குத் தெரியவில்லை. சைமன் குஸ்நெட்ஸ் என்ற பொருளியலாளர் 1934-இல் அமெரிக்க செனட் சபைக்கு அந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தார். இல்லத்தரசிகளின் உழைப்பைச் சேர்க்கவில்லை என்பதை அதே அறிக்கையில் எழுதியும் வைத்தார். நம்பகமாக மதிப்பிட வழியில்லை என்பது அவர் சொன்ன காரணம். தேசிய வருமானத்தை வைத்து ஒரு நாட்டின் நல்வாழ்வை அளந்துவிட முடியாது என்றும் எச்சரித்தார். எண் நின்றது. எச்சரிக்கை அறிக்கையோடு அலமாரிக்குப் போய்விட்டது.

பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது. போருக்கு எவ்வளவு பணம் ஒதுக்கலாம் என்ற கேள்வியோடு பிரிட்டனில் பொருளியலாளர் கெயின்ஸின் ஊக்கத்தில் ஜேம்ஸ் மீட், ரிச்சர்ட் ஸ்டோன் இருவரும் நாட்டுக்கே இரட்டைப் பதிவுக் கணக்கு எழுதினார்கள். ஸ்டோன் தலைமையில்தான் 1953-இல் ஐ.நா.வின் முதல் விதிப்புத்தகம் வெளிவந்தது. சிறு கையேடுதான் அது. 1968, 1993, 2008 என்று வளர்ந்து அறுநூறு பக்கங்களைத் தாண்டியது.

ஸ்டோனின் பெயர் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. ஃபிலிஸ் டீன் பெயர் இல்லை. மீடும் ஸ்டோனும் பிரிட்டனுக்காக வகுத்த முறை காலனி நாடுகளுக்குப் பொருந்துமா என்று பார்க்க 1941-இல் இருபதுகளில் இருந்த இந்தப் பெண்ணை அமர்த்தினார்கள். போர் முடிந்ததும் வட ரொடீசியாவுக்கும் நியாசாலாந்துக்கும், அதாவது இன்றைய சாம்பியாவுக்கும் மலாவிக்கும், நேரில் போனார். ஊர் ஊராகச் சென்று வீடுகளில் என்ன விளைகிறது, என்ன சமைக்கிறார்கள், யார் எதைச் சுமக்கிறார்கள் என்று கேட்டார். சந்தைக்கு வரும் பொருளை மட்டும் எண்ணினால் அந்த மக்களின் வாழ்வில் பெரும்பகுதி மறைந்துபோகிறது என்பதை அங்கே கண்டார். பெண்கள் விறகு சுமப்பதையும் தண்ணீர் எடுப்பதையும் தள்ளிவிட்டுப் போடும் கணக்கு அந்த நாட்டின் கணக்கே இல்லை என்பது அவர் வாதம். தண்ணீர்க் குடம் விதிப்புத்தகத்துக்குள் வந்தது 1993-இல். டீன் ஊர் சுற்றிவந்து நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

நம் நாட்டுக்கும் இந்த வரலாற்றில் பங்குண்டு. தாதாபாய் நவுரோஜி 1867-68-ஆம் ஆண்டுக்கு இந்தியனின் தலைவீத வருமானம் 20 ரூபாய் என்று கணக்கிட்டு, பிரிட்டிஷ் ஆட்சி நம்மை எப்படி உறிஞ்சுகிறது என்பதை எண்ணாலேயே நிறுவினார். காஞ்சிபுரத்தில் பிறந்த வி.கே.ஆர்.வி. ராவ் கேம்பிரிட்ஜ் சென்று பிரிட்டிஷ் இந்தியாவின் தேசிய வருமானத்தையே ஆய்வுப் பொருளாக எடுத்தார். விடுதலைக்குப் பின் 1949-இல் புள்ளியியலாளர் மகலனோபிஸ் தலைமையில் அமைந்த தேசிய வருமானக் குழுவில் ராவும் பொருளியலாளர் டி.ஆர். காட்கிலும் உறுப்பினர்கள். எண்ணுவது அரசியல் என்பதை நவுரோஜி காலத்திலிருந்தே அறிந்தவர்கள் நாம்.

இனி புதிய புத்தகத்துக்கு வருவோம். மனதாரப் பாராட்ட வேண்டிய மாற்றம் ஒன்று அதில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள நவுரு தீவுக்குப் போகவேண்டும்.

பசிபிக் கடலில் 21 சதுர கிலோமீட்டர் பரப்பளவுள்ள நாடு அது. தீவின் நடுமேடு முழுக்கப் பாஸ்பேட். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே வெட்டத் தொடங்கி, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன் வயல்களுக்கு உரமாகக் கொண்டுபோனார்கள். 1968-இல் விடுதலை பெற்ற பிறகு நவுரு அரசே வெட்டி விற்றது. எழுபதுகளில் தலைவீத வருமானத்தில் உலகின் பணக்கார நாடுகளுக்கு இணையாக நின்றது. கப்பல் ஏறிய ஒவ்வொரு டன்னும் ஜிடிபியில் கூட்டல். தீவில் விழுந்த பள்ளத்துக்குக் கழித்தல் எதுவும் இல்லை. நூற்றாண்டு முடிவதற்குள் பாஸ்பேட் பெரும்பாலும் தீர்ந்தது. தீவின் ஐந்தில் நான்கு பங்கு, கூர்கூராக நிற்கும் சுண்ணாம்புப் பாறையாக, மனிதன் குடியிருக்கவோ பயிர் வைக்கவோ முடியாத நிலமாகிவிட்டது. நடுமேட்டை விட்டு, கடலோரம் ஓடும் ஒரு குறுகிய வளையத்தில்தான் பெரும்பாலான மக்கள் வாழ்கிறார்கள். அந்த ஆண்டுகளின் கணக்கேட்டைத் திறந்தால் வளர்ச்சிதான் தெரியும்.

வீட்டுக் கதவை நிலையோடு பெயர்த்து விற்றுவிட்டு, விற்ற காசை வருமானம் என்று எழுதும் குடும்பத்தை என்ன சொல்வோம்? நாடுகள் இத்தனை காலமும் அதைத்தான் எழுதிவந்தன. பொருளியலாளர் ராபர்ட் ரெப்பெட்டோவும் அவருடைய குழுவினரும் 1989-இல் இந்தோனேசியாவின் கணக்கை எடுத்து, தீர்ந்துபோன எண்ணெயையும் வெட்டிய காட்டையும் அரித்துப்போன மண்ணையும் கழித்துப் பார்த்தார்கள். 1971 முதல் 1984 வரை ஆண்டுக்கு 7.1 சதவீதம் என்று பேர்போன வளர்ச்சி 4 சதவீதத்துக்கு இறங்கியது.

இயந்திரம் தேய்ந்தால் தேய்மானம் கழிக்கத் தெரிந்த கணக்கு, சுரங்கம் தேய்ந்தால் கழிக்கவில்லை. 2008 பதிப்பு அந்த இழப்பைச் சொத்து மாற்றங்களின் கடைசிப் பக்கம் ஒன்றில் குறித்து வைத்தது. யாரும் அதைப் புரட்டியதில்லை. 2025 பதிப்பு, இயற்கை வளம் கரைவதை உற்பத்திச் செலவாகவே எழுதச் சொல்கிறது. ஆகவே நிகர உள்நாட்டு உற்பத்தி என்ற எண் இனி குறையும். அந்த எண்ணுக்கே முதன்மை கொடுங்கள் என்றும் நாடுகளைக் கேட்டுக்கொள்கிறது. காற்றும் வெயிலும் தரும் ஆற்றல் வளத்துக்கும் சொத்துப் பட்டியலில் இடம் கிடைத்திருக்கிறது. முப்பந்தல் கணவாயில் ஓயாமல் வீசும் காற்றையும் நாட்டின் செல்வம் என்று எழுதலாம்.

ஆனால் நாளிதழ் தலைப்பு ஜிடிபிக்குத்தான் போகும். அதில் இந்தக் கழித்தல் இல்லை. பாலாற்றிலும் காவிரியிலும் மணல் அள்ளிய லாரிகளை எண்ணி வளர்ச்சி என்று எழுதிய நமக்கு, ஆறு இழந்ததை எழுத இப்போது விதி வந்திருக்கிறது. மாநில அளவிலும் நிகர எண்ணை ஒவ்வோர் ஆண்டும் வெளிப்படையாகக் கேட்கும் பழக்கம் சட்டமன்றத்தில் வராவிட்டால் இந்த விதியும் கடைசிப் பக்கத்துக்கே போகும்.

கணினி யுகத்துக்கான மாற்றங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நிறுவனங்கள் திரட்டி வைக்கும் தரவு இனி உற்பத்தி செய்யப்பட்ட சொத்து. அதைத் திரட்ட ஆன செலவை வைத்து மதிப்பிடுவார்கள். செயற்கை நுண்ணறிவு மென்பொருளுக்குள் தனி இனமாகக் காட்டப்படும். பிட்காயின் போல யாரும் திருப்பித் தரக் கடமைப்படாத மறைக்குறி நாணயங்கள், சொத்து என்றாலும் உற்பத்தியானவை அல்ல, நிதிச் சொத்தும் அல்ல என்ற தனிப் பெட்டிக்குள் போகும். பெரிய நிறுவனங்கள் கேட்ட இடம் கிடைத்தது என்பது என் எண்ணம். அதில் தவறில்லை. தரவைச் செலவு வழியாக மதிப்பிட முடியும் என்று துணிந்தவர்கள், அடுப்பங்கரை என்றதும் மதிப்பிட முடியாது என்று கைவிரிப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

அவர்கள் சொல்லும் காரணங்களைப் பார்ப்போம். வீட்டு வேலைக்குச் சந்தை விலை இல்லை என்கிறார்கள். சொந்த வீட்டில் குடியிருப்பவர் யாருக்கும் வாடகை கொடுப்பதில்லை. ஆனாலும் அவர் தனக்குத் தானே வாடகை கொடுப்பதாக வைத்து, அந்த உத்தேச வாடகையை ஆண்டுதோறும் ஜிடிபியில் சேர்க்கிறார்கள். இந்தியாவிலும் சேர்க்கிறார்கள். கைமாறாத பணத்தை மதிப்பிடும் வித்தை கணக்காளர்களுக்கு நன்றாகவே தெரியும். கூரை தரும் நிழலுக்கு விலை போட்டார்கள்; கூரைக்குக் கீழே நாளெல்லாம் நின்றவளுக்குப் போடவில்லை. 2008 பதிப்பு போர்க்கப்பலையும் போர் விமானத்தையும் நாட்டின் மூலதனத்தில் சேர்த்தது. அதே பதிப்பு பிள்ளை வளர்ப்பதை வெளியே நிறுத்தியது.

இன்னொரு காரணம், வீட்டு வேலையைச் சேர்த்துவிட்டால் எல்லோருமே வேலையில் இருப்பவர்கள் ஆகிவிடுவார்கள், வேலையின்மை என்ற அளவே பொருளிழந்துவிடும் என்பது. இதில் எனக்கு ஓரளவு நியாயம் தெரிகிறது. ஜிடிபி ஒரே இரவில் பெருத்துவிட்டால் விலைவாசி, வரி, கடன் எதையும் அதோடு ஒப்பிட முடியாமல் போகும் என்பதும் உண்மை. அதற்குத் தீர்வு தனிக் கணக்கு. ஜிடிபியைத் தொடாமல், பக்கத்திலேயே, அதே அளவுகோலில், ஒவ்வோர் ஆண்டும் வெளியாகும் துணைக் கணக்கு. புதிய பதிப்பு இதைப் பரிந்துரைக்கிறது. கட்டாயமாக்கவில்லை. என் குறை அதுதான்.

நியூசிலாந்தின் மேரிலின் வேரிங் 1975-இல் இருபத்து மூன்று வயதில் நாடாளுமன்றத்துக்குப் போனார். பொதுச் செலவினக் குழுவின் தலைவராக இருந்தபோது, தன் நாட்டின் தூய காற்றுக்கும் பெண்களின் உழைப்புக்கும் கணக்கில் ஏன் இடமில்லை என்று கேட்டார், ஐ.நா. விதி அப்படி என்று பதில் வந்தது. அந்த விதியைத் தேடிப் படித்து 1988-இல் ஒரு புத்தகமே எழுதினார். அதிலிருந்து தொடங்கிய வாதம் பல நாடுகளில் பலன் தந்திருக்கிறது. கொலம்பியாவில் 2010-இல் இதற்கென்று சட்டமே வந்தது. மெக்சிகோ ஆண்டுதோறும் துணைக் கணக்கு வெளியிடுகிறது. பிரிட்டனில் 2016-ஆம் ஆண்டுக்குக் கணக்கிட்டபோது, கூலியில்லாத வீட்டுச் சேவையின் மதிப்பு 1.24 லட்சம் கோடி பவுண்ட், ஜிடிபியில் 63 சதவீதம் என்று வந்தது.

இந்தியாவில் அடித்தளம் தயாராக இருக்கிறது. 1998-99-இல் ஆறு மாநிலங்களில் நேரப் பயன்பாட்டு முன்னோடி ஆய்வு நடந்தது. தமிழ்நாடு அந்த ஆறில் ஒன்று. நாடு முழுவதற்குமான ஆய்வு 2019-இலும் 2024-இலும் நடந்தது. ஆய்வாளர் வந்து, நேற்று அதிகாலை 4 மணி முதல் இன்று அதிகாலை 4 மணி வரை என்ன செய்தீர்கள் என்று அரை மணி அரை மணியாகக் கேட்பார். மொத்தம் 48 கட்டங்கள். 2024 ஆய்வின்படி வீட்டுவேலை செய்யும் பெண் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் அதில் செலவிடுகிறார். செய்யும் ஆண் 88 நிமிடம். அப்படிச் செய்யும் ஆண்களும் நூற்றுக்கு 27 பேர்தான்.

புள்ளியியல் அலுவலகம் தயங்கும் இடத்தில் நீதிமன்றங்கள் முன்னே போய்விட்டன. 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், விபத்தில் இறந்த இல்லத்தரசிக்கு உத்தேச வருமானம் கணக்கிட்டு இழப்பீடு தரவேண்டும் என்றபோது, நீதிபதி என்.வி. ரமணா 2019-ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டு எண்களையே தீர்ப்பில் எடுத்துக்காட்டினார். 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், கணவர் சம்பாதித்து வாங்கிய சொத்தில் வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்குச் சம பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. அவள் வீட்டைச் சுமந்ததால்தான் அவரால் சம்பாதிக்க முடிந்தது என்ற அடிப்படையில் வந்த தீர்ப்பு அது.

அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று, வி.கே.ஆர்.வி. ராவ் பிறந்த காஞ்சிபுரத்தில், தமிழக அரசின் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கியது. சுமார் 1.06 கோடிப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். உதவித்தொகை என்னாமல் உரிமைத் தொகை என்றது அரசு. கூலியின்றி உழைக்கும் பெண்ணுக்கான அங்கீகாரம் என்று விளக்கியது. நல்ல சொல். தேசியக் கணக்கில் மட்டும் அது வெறும் பணமாற்றமாகத்தான் பதிவாகும். உழைப்புக்கு ஈடாக எழுத அங்கே கட்டம் கிடையாது. ஒரு நாளைக்கு 289 நிமிடம் என்றால் மாதத்துக்கு 144 மணி நேரம். ஆயிரம் ரூபாயை அதால் வகுத்தால் மணிக்கு ஏழு ரூபாய் தேறும். மதிப்புக்கணக்கு முறையாகப் போடப்பட்டிருந்தால், உரிமைத் தொகை எவ்வளவு இருக்கவேண்டும் என்ற விவாதத்துக்கு ஓர் அளவுகோல் கிடைத்திருக்கும்.

மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் ஜிடிபியின் அடிப்படை ஆண்டை 2011-12-இலிருந்து 2022-23-க்கு மாற்றும் வேலையில் இறங்கியது. புதிய விதிப்புத்தகத்துக்கு மாறும் அடுத்த கட்டமும் தொலைவில் இல்லை. இரண்டு தேசிய ஆய்வுகளின் நிமிடங்கள் கையில் இருக்கின்றன. சமையலர், பிள்ளை பார்ப்பவர், நோயாளியைக் கவனிப்பவர் ஆகியோரின் கூலி விவரமும் நாட்டில் இருக்கிறது. பெருக்கிப் போட்டு, ஆண்டுதோறும் ஜிடிபி வெளியாகும் அதே நாளில், அதே பத்திரிகையாளர் சந்திப்பில் வெளியிடவேண்டும். விதிப்புத்தகம் கட்டாயப்படுத்தும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நவுரோஜி யாருடைய கட்டாயத்துக்கும் காத்திருக்கவில்லை.

போன சித்திரையில் பெரியம்மாவிடம் அந்த 48 கட்டங்களை நானே கேட்டு எழுதிப் பார்த்தேன். எழுபத்தொரு வயது. ஆய்வு விதிப்படி ஓர் அரை மணிக் கட்டத்தில் மூன்று வேலைக்கு மேல் எழுத முடியாது. காலை ஆறரை மணிக் கட்டத்துக்கு வந்தோம். வடகம் பிழிந்தேன் என்றார், எழுதினேன். கீழே பால் பொங்குகிறதா என்று பார்த்தேன், எழுதினேன். பேரனைப் பள்ளிக்கூடத்துக்கு எழுப்பினேன், எழுதினேன். பெரியப்பாவுக்குச் சர்க்கரை மாத்திரை எடுத்துக் கொடுத்தேன் என்றார். கட்டம் நிறைந்துவிட்டிருந்தது.